பேய்க்குச் சாறன் கொடுத்தவர்

அத்தியாயம் 4

முப்பத்தைந்து வருடமாகக் காணாமல் போயிருந்த மனிதர், ஒரு பேய்க்கதையின் பதினேழாம் பக்கத்தில் செத்துக் கிடந்தார்.

அந்தப் பக்கத்தைச் சஹ்லாவின் மேசையில் விரித்து வைத்தவர் அவருடைய மனைவி சித்தி லைலா. வயது ஐம்பத்தேழு. கல்முனைக்குடியில் இடியப்பம் அவித்து விற்கிறவர். பார்சல் சுற்ற வாங்கிய பழைய தாள் கட்டுக்குள் 'நடுச்சாமம்' என்ற மாத இதழ் ஒன்று கிடந்திருக்கிறது. தொண்ணூற்றோராம் ஆண்டு பங்குனி மாதத்து இதழ். அட்டையில் ஒரு மண்டையோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. உள்தாளைக் கிழித்து இடியப்பத்தின் மேல் மடிக்கப்போன கை ஒரு வரியில் நின்றுவிட்டது.

"அதோட நான் அடுப்பு மூட்டல்ல மகள்," என்றார் லைலா. "மூணு நாளாகிது."

சஹ்லா வாசித்தாள். கதையின் பெயர் 'மதகடி'. எழுதியவர் பெயர் பாழடியான்.

'வாய்க்கால் மதகின் கீழே அவன் கிடந்தான். வயது இருபத்தாறு. ஐந்தடி ஆறங்குலம். பொதுநிறம். நீலக்கட்டம் போட்ட மருதமுனைச் சாறன் உடுத்திருந்தான். சாறனின் மூட்டு சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. இடது கையில் கடிகாரம். அவன் செத்து மூன்று நாளாகியும் அது ஓடிக்கொண்டிருந்தது.'

"அந்தச் சாறன மூட்டினது நான்," என்றார் லைலா.

தறியிலிருந்து வரும் சாறன் இரண்டு நுனியும் விரிந்தபடிதான் வரும். வீட்டுப் பெண்கள்தான் அதை மூட்டித் தருவார்கள். தையல் தெரியக்கூடாது என்பதற்காகச் சாறனின் நிறத்திலேயே நூல் தேடுவார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஊரடங்கு. கடை இல்லை. வயிற்றில் பிள்ளையோடு இருந்த லைலா, பிள்ளைச் சட்டைக்கு வைத்திருந்த சிவப்பு நூலால் கணவரின் சாறனை மூட்டிக் கொடுத்தார். இரண்டாம் நாள் முபாறக் அதை உடுத்துக்கொண்டு சவளக்கடைப் பக்கம் வயல் பார்க்கப் போனார். போனவர் போனவர்தான். யார் கொண்டுபோனார்கள் என்று அந்த ஊரில் மூன்று பேரைக் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். அதனால் யாரும் கேட்பதில்லை.

"செவப்பு நூலால சாறன் மூட்டின பைத்தியக்காரி இந்தக் கரையில நான் ஒருத்திதான். என்ட மாமி, அவர்ர உம்மா மட்டும் கண்டு சிரிச்சவ. முந்தின நாள் உம்மாவப் பாக்கப் போனவர்ட்ட, உன்ட பொண்டாட்டி வீட்ட வேற நூல் இல்லையா எண்டு கேட்டவவாம். மறுகா, இத எழுதினவனுக்கு எப்பிடித் தெரியும்? அவன் கண்டிரிக்கான் மகள். என்ட மனிசன்ட மையத்த அவன் கண்டிரிக்கான்."

"கண்டிருந்தா?" என்று கேட்டாள் சஹ்லா. அவளுக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

"இத்தா இருப்பன்."

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். லைலா இருக்கவில்லை. எதை நம்பி இருப்பது? மௌலவி ஒருவர், இவ்வளவு காலமானால் காதியாரிடம் தீர்ப்பு வாங்கிக்கொண்டு இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். லைலா மாட்டேன் என்றுவிட்டார்.

"காதியார் கண்டாரா? நான் இருக்கப் போறது அவர்ர கடதாசிக்கு இல்ல, என்ட மனிசனுக்கு. கண்டவன் ஒருத்தன் என்ட முகத்தப் பாத்து, ஓம் லைலா, கண்டன் எண்டு சொல்லட்டும். அண்டைக்கே இருந்திருவன்."

"இதில பிழையா ஏதாவது இருக்கா மாமி? சரியானதச் சொல்லிட்டீங்க. பிழையானதையும் சொல்லுங்க."

லைலா கொஞ்சம் யோசித்தார். "மணிக்கூடு. அவர்ர கையில மணிக்கூடு இல்ல. போன அண்டைக்கு விடியத்தான் என்ட தம்பி பர்ஹானுக்குச் சோதினை எண்டு கழட்டிக் குடுத்தவர். மாமி வாங்கிக் குடுத்த மணிக்கூடு, அதால அவக்குச் சொல்லல்ல. எழுத்துக்காரன் சோடினைக்குப் போட்டிருப்பான்."

சஹ்லா அதைக் குறித்துக்கொண்டாள்.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால், போட்டோக் கொப்பிக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது அந்த அறை. 'சஹ்லா தகவல் சேவை' என்று பலகை சொல்லும். மாப்பிள்ளை விசாரிக்கிற இடம் என்று ஊர் சொல்லும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற சனம், அந்த வீட்டுக்குள் வரப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவளிடம் வரும். சஹ்லாவின் வாப்பா கரைவலை இழுத்தவர். அவருடைய பரம்பரையிலேயே முதல் பட்டதாரி அவள். நான்கு வருடம் வேலை கேட்டு வெயிலில் பதாகை பிடித்ததில் மிஞ்சியது கால் வலியும் ஒரு கோபமும்தான். கூடப் பதாகை பிடித்த பாண்டிருப்புச் சிவரூபினிதான் இப்போது அவளுடைய உதவியாள். ஸ்கூட்டியும் அவளுடையதே. வாயும் அவளுடையதே.

லைலா படி இறங்கியதும் சிவரூபினி இதழைப் புரட்டினாள். "என்னகா இது, மொத்தம் ஆறு எழுத்தாளர். பாழடியான், எலும்பன், சுடலைக்குருவி, மையிருட்டு. தாய் தகப்பன் வைச்ச பேரோட ஒருத்தனும் இல்லையா?"

"ஆறு பேர் இல்ல. ஒரு ஆள்."

"எப்பிடி?"

"ஒவ்வொரு கதையிலயும் பேய் வாற இடத்த வாசி."

சிவரூபினி வாசித்தாள். "'வயது பத்தொன்பது, ஐந்தடி மூன்றங்குலம், கறுத்த நிறம், பச்சைச் சேட்டு.' இது எலும்பன்ட பேய். 'வயது நாற்பது, ஐந்தடி ஏழங்குலம், வெள்ளை நிறம், கோடு போட்ட சாறன்.' இது மையிருட்டுட பேய்." அவள் நிமிர்ந்தாள். "அஞ்சடி ஏழங்குலமோ? பேய் என்ன, ஐடென்டிட்டி காட் எடுக்கவா வந்த? பயத்தில ஓடுறவன் அளவு நாடாவோடயா ஓடுவான்?"

"அதுதான் நானும் கேக்கிறன். ஆறு பேரும் ஒரே கடையில பேய் வாங்கியிருக்காங்க. ஒரே ஆள். இதழ நடத்தின ஆளாத்தான் இருக்கணும்."

இதழின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருந்தது. பக்கீர் முகைதீன், கடற்கரை வீதி, சாய்ந்தமருது. அந்த வீதியின் அந்தப் பக்கத்தைச் சுனாமி எடுத்துக்கொண்டு போய் இருபது வருடம் தாண்டிவிட்டது. பஸ் நிலையத்துப் பத்திரிகை முகவரிடம் கேட்டாள் சஹ்லா. அவர் வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "பேய் முகைதீனா? ஹயாத்தோடதான் இரிக்கார், சாகல்ல. மாடி வீட்டுத் திட்டத்தில, மூணாம் மாடி. பேயெல்லாம் ஓடிட்டு, மனிசன் மட்டும் மிச்சம்."

மூன்றாம் மாடியில் கதவு திறந்தே கிடந்தது. பிளாஸ்டிக் கதிரையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. ஒரு கண் ஒப்பரேஷன் செய்தது, மற்றது செய்யாதது. மகள் வேலைக்குப் போய்விட்டாளாம். இரண்டு பட்டதாரிகள் 'நடுச்சாமம்' பற்றிக் கேட்க வந்திருக்கிறார்கள் என்றதும் ஒப்பரேஷன் செய்த கண் பளிச்சென்றது. ஆய்வுக்கு வந்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டார். சஹ்லா அதைத் திருத்தவில்லை.

"எண்பத்துநாலில தொடங்கின," என்றார். "அச்சுக்கூடத்தில எழுத்துக் கோத்த ஆள் நான். கலியாண காட் அடிச்சு மிஞ்சின தாள என்ன செய்யிற எண்டு முதலாளி கேட்டார். பேய்க்கதை போடுவம் எண்ட. முதல் இதழ் பாருங்க, ஒரு பக்கம் ரோசா, ஒரு பக்கம் மஞ்சள். ரோசாத் தாள்ல பேய் வந்த இதழ் உலகத்தில என்டதுதான்."

"பேய் கலியாணத்துக்கு வந்த மாதிரி இருந்திருக்கும் சேர்," என்றாள் சிவரூபினி.

கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மெய்தான் புள்ள. பள்ளியில ஜும்ஆவில என்னய ஏசினாங்க. அடுத்த மாசம் இன்னும் ஐந்நூறு கூட அடிச்ச. பொம்புளைகள் குசினியில அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சு வாசிச்சாங்க. கடிதம் வரும். ஆசிரியர் அவர்களே, உங்கட கதையால பின்பக்கத்துக்குத் தனியாப் போக ஏலாமக் கிடக்கு எண்டு. எழுத்துக்காரனுக்கு வேற என்ன பட்டம் வேணும்?"

"பாழடியான் ஆர் சேர்?"

"அது ஒரு தம்பிலுவில் பொடியன். தபால்ல அனுப்புவான்."

"எலும்பன்?"

"அவன்..." கிழவர் நிறுத்தினார். "நீங்க என்னத்துக்கு வந்த?"

சஹ்லா சொன்னாள். லைலாவின் பெயர், முபாறக்கின் பெயர், சிவப்பு நூல், இத்தா. கீழே யாரோ மீன் கூவிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தேய்ந்த பிறகுதான் கிழவர் வாயைத் திறந்தார்.

"பாழடியான் நான்தான். ஆறு பேரும் நான்தான்."

"சாறன் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் கண்ட."

சிவரூபினியின் பேனா நின்றது.

"சவளக்கடைக்குப் போற வழியில, மதகடியில. நான் இந்தக் கண்ணால கண்ட. சொல்லப் பயம், அதால கதையா எழுதின. அந்த மனிசியக் கூட்டி வாங்க. முகத்தப் பாத்துச் சொல்றன். கையெழுத்து வைக்கணுமெண்டாலும் வைக்கிறன்."

சஹ்லாவுக்கு நெஞ்சு லேசானது. ஒரு வேலை, ஒழுங்காக, ஒரே நாளில் முடிந்துவிட்டது. லைலா இன்றைக்கே இருந்துவிடலாம். சிவரூபினி ஒரு தாளைக் கிழித்து, அவருடைய சாட்சிக்குத் தலைப்பே எழுதத் தொடங்கிவிட்டாள். ஆனால் நான்கு வருடமாக மாப்பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுப் பழகிய காது சும்மா இருக்கவில்லை.

"மணிக்கூடு எந்தக் கையில சேர்?"

"இடது கை."

"வடிவா ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்ல? நான் கிட்டக் குனிஞ்சு பாத்த. ஓடிக்கொண்டிருந்த. அந்தச் சத்தம் இப்பவும் காதுக்குள்ள இரிக்கி."

சஹ்லா பேனாவைச் சிவரூபினியின் கையிலிருந்து எடுத்து மூடினாள்.

"அந்த மணிக்கூடு அண்டைக்கு லைலா மாமிட தம்பிட கையில ஓடிக்கொண்டிருந்திச்சு."

கிழவரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பழைய எழுத்துக்காரர்.

"நூல் சரி, மணிக்கூடு பிழை," என்றாள் சஹ்லா. "மையத்தக் கண்டவனுக்கு நூல் தெரியும், இல்லாத மணிக்கூடு தெரியா. லைலா மாமிட வீட்டுக்கு ரெண்டும் சரியாத் தெரியும். நூலையும் கண்டு, மணிக்கூடும் கையில இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தது ஒரே ஒரு வீடு. முபாறக்ட உம்மா வீடு. நீங்க எழுதினது அந்த வீட்டில இருந்து வந்த செய்தி. வயசு, உயரம், நிறம், உடுப்பு. பேய இப்பிடி ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. இந்த ஒழுங்கில சொல்றது ஒண்டுதான் இருக்கு சேர்."

"காணவில்லை," என்றாள் சிவரூபினி மெதுவாக. அவள் பகிடி விடவில்லை.

கிழவர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அலுமாரிக்கு அடியிலிருந்து தடித்த மட்டை போட்ட ஒரு கொப்பியை இழுத்தார். சஹ்லாவின் மடியில் வைத்தார்.

பக்கத்துக்குப் பக்கம் பத்திரிகைத் துண்டுகள். பசையில் மஞ்சளாகிப் போனவை. ஒவ்வொன்றிலும் தபால் முத்திரை அளவுக்கு ஒரு முகம். கீழே வயது, உயரம், நிறம், உடை. சில துண்டுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கதையின் பெயர், அதற்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். கதையாகிவிட்டது என்று அர்த்தம். சரி போடாதவையும் இருந்தன. அவை முறை வரும் என்று காத்திருந்தவை. மாணவர்களின் விடைத்தாளைப் போலிருந்தது. அவருடைய கதைகளில் எதுவும் சஹ்லாவைப் பயமுறுத்தியதில்லை. இந்தக் கொப்பி பயமுறுத்தியது.

"தொண்ணூறுக்குப் பிறகு சனம் பேய்க்குப் பயப்படுறத உட்டுட்டு," என்றார் கிழவர். "றோட்டால போறவன் வீட்ட வாறதில்ல. இதுக்க என்ட பேய் வந்து என்னத்தச் செய்யிற? இதழ் கட்டுக் கட்டாத் திரும்பி வந்திச்சு. ஒருநாள் பேப்பர்ல இதில ஒண்ட வாசிச்ச. அஞ்சு வரி. ஆறு வருசம் எழுதியும் எனக்கு வராத பயம் அந்த அஞ்சு வரிக்க இருந்திச்சு. வெட்டி எடுத்த. பேய்க்கு ஒரு சாறன் கிடைச்ச உடன இதழ் எழும்பிட்டு."

"இது களவு."

"ஓம்."

"களவு மட்டுமில்ல. தாய்மார் அழுது அழுது குடுத்த அடையாளத்த நீங்க பேய்க்கு உடுத்தி விட்டிருக்கீங்க. வெட்கமா இல்லையா?"

"பேப்பர்ல வந்தத ஆர் வாசிச்ச? அடுத்த நாள் அதில மீன் சுத்தினாங்க. என்ட கதைய வாசிச்சுப் படுக்க ஏலாமக் கிடந்தாங்க. அந்தப் பொடியனுகளுக்காக இந்த ஊரில ஆரும் நித்திர முழிச்சிருந்தா, அது என்னாலதான்."

சஹ்லாவுக்கு அந்தக் கொப்பியைத் தூக்கி அவருடைய முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. எறிவதற்கு அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். அது அரைவாசி உண்மை. அதுதான் எரிச்சல்.

"அது சரி, ஏன் கண்ட எண்டு சொன்னீங்க?"

"கேட்டு வாறவங்களுக்கு அப்பிடித்தான் சொல்ற." அவர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். "நீங்க சொல்ற அந்தப் புள்ள எட்டாவது ஆள்."

சிவரூபினி கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"முதல்ல ஒரு தாய் வந்தா, தொண்ணூற்றிரண்டில. இதழ நெஞ்சோட அணைச்சுக்கொண்டு. நான் உண்மையச் சொல்லத்தான் வாயத் திறந்த. அவட முகத்தப் பாத்த உடன கண்ட எண்டு வந்திட்டு. அவ என்ட கையப் பிடிச்சு அல்ஹம்துலில்லாஹ் எண்டா. வீட்ட போய், மகன் செத்தான் எண்டு கத்தம் ஓதினாங்க. மறுகா ஒவ்வொருத்தரா வந்த. ஏழு பேர். தமிழ் ஆக்கள் ரெண்டு பேர், நம்மட ஆக்கள் அஞ்சு. ஏழு பேருக்கும் கண்ட எண்டுதான் சொன்ன. நான் எழுதின கதையிலேயே நல்ல கதை அதுதான்."

"அந்த ஏழு பேரும் தேடினவங்கள்ல ஆரும் உயிரோட திரும்பி வந்தாங்களா?"

"தெரியா."

"விசாரிக்கல்லையா?"

"இல்ல," என்றார் பக்கீர் முகைதீன். "கதைய முடிச்சாப் பிறகு நான் திருப்பி வாசிக்கிறதில்ல."

சஹ்லா கொப்பியைப் புரட்டினாள். பதினோராம் பக்கத்தில் முபாறக் இருந்தார். வாரிய தலைமயிர், அகன்ற நெற்றி, மீசைக்கு முயற்சி செய்த ஒரு மேலுதடு. இருபத்தாறு வயது, ஐந்தடி ஆறங்குலம், பொதுநிறம், சிவப்பு நூலால் மூட்டிய நீலக்கட்டச் சாறன், இடது கையில் கைக்கடிகாரம். பக்கத்தில் பென்சிலால் 'மதகடி'. சரி. அவள் கைபேசியில் படம் எடுத்தாள்.

"அந்தப் புள்ளயக் கூட்டி வாங்க," என்றார் கிழவர். "சொல்றன். மணிக்கூட்ட விட்டுட்டுச் சொல்றன்."

படி இறங்கும்போது இருவரும் பேசவில்லை. ஸ்கூட்டியின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சிவரூபினி நின்றாள்.

"கூட்டிக்கொண்டு வருவம்," என்றாள்.

"என்னத்தச் சொல்ற நீ?"

"அந்தாள் சொல்லட்டும். அந்த மனிசி நாலு மாசம் பத்து நாள் இருந்து எழும்பட்டும். உனக்கென்ன நட்டம்?"

"அது பொய் ரூபினி."

"எங்கட மாமாவும் அதே வருசம்தான் போனவர். அம்மா இன்னும் திவசம் குடுக்கல்ல. எந்தத் திதியில குடுக்கிற? ஊரூராக் கேட்டுத் திரிஞ்சா. காணாமப் போனவங்களத் தேடக் கமிஷன் வைச்ச ஒவ்வொரு முறையும் போய் நிண்டா. எல்லாரும் உண்மையத்தான் சொன்னாங்க. தெரியா, தெரியா, தெரியா. எங்கட அம்மாக்கு இப்பிடி ஒரு பொய்க்காரன் கிடைக்கல்லகா."

சஹ்லாவிடம் பதில் இருந்தது. படித்த பதில். ஒருவர் உயிரோடு இருக்கலாம், பொய்ச் சாட்சி பெரும் பாவம், உண்மையை அறிய லைலாவுக்கு உரிமை உண்டு. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சிவரூபினி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

"பட்டம் நல்லாத்தான் வேலை செய்யிது," என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன கடைசிப் பகிடி அது.

அஸர் தொழுகை முடிந்த நேரம். லைலாவின் குசினியில் மா குழைத்த பாத்திரம் இருந்தது. இன்றைக்கு நல்ல செய்தி வரும் என்று நினைத்து, மூன்று நாளைக்குப் பிறகு அடுப்பு மூட்ட ஆயத்தமாகியிருந்தார். கையெல்லாம் மா. இருவரையும் பலகையில் உட்காரச் சொன்னார்.

"கண்டாராமா மகள்?"

வழி நெடுக இரண்டு பதிலையும் சஹ்லா ஒத்திகை பார்த்திருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"இல்ல மாமி. ஒருத்தரும் காணல்ல. பேப்பர்ல வந்த காணவில்லை விளம்பரத்தப் பாத்து எழுதியிருக்கார். உங்கட மாமி வீட்டில நூலக் கண்டு குடுத்திருக்காங்க. மணிக்கூடும் அதாலதான் வந்திருக்கு."

லைலா கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை.

"நீங்க வந்தாக் கண்ட எண்டு சொல்றன் எண்டார். ஏழு பேருக்கு அப்பிடிச் சொல்லியிருக்காராம். நான் அது வேணாமெண்டு வந்திட்டன்."

லைலா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. விளங்காமைதான் இருந்தது.

"ஏன் மகள் வேணாமெண்டு சொன்ன?"

சிவரூபினி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சஹ்லாவின் வரிசையான பதில்களில் ஒன்றுகூட அந்தக் குசினிக்குள் வரவில்லை. சற்று முன் லைலாவிடம் ஒரு மதகடியும் ஒரு மையத்தும் இருந்தன. இப்போது அதுவும் இல்லை. எடுத்தது அவள்தான்.

"அந்த விளம்பரத்தக் காட்டுங்க," என்றார் லைலா. "அவர்ர காக்கா, கூடப்பொறந்த மூத்தவர், பேப்பர்ல குடுத்தார் எண்டு கேள்விதான். அகதியாக் கிடந்த நேரம். நான் காணல்ல."

சஹ்லா கைபேசியை நீட்டினாள். மா ஒட்டிய கையைத் துடைக்காமல் லைலா குனிந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து அவருடைய வாய் லேசாகத் திறந்தது. வீட்டிலிருந்த படமெல்லாம் எப்போதோ போய்விட்டன.

"என்ட மகன்ட வயசவிடக் குறைவு," என்றார். "மகனுக்கு முப்பத்துநாலு. கட்டார்ல இரிக்கான்." பிறகு, "இந்தாள் இப்ப வந்தா நான் இவருக்குத் தாய் மாதிரி," என்றார்.

மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு போனார். வயது. உயரம். நிறம். சாறன். மணிக்கூடு. கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. அவர் அதைத் திருப்பி வாசித்தார். பிறகு சத்தமாக வாசித்தார்.

"'இவரைப் பற்றித் தகவல் தெரிந்தோர் கீழ்க்காணும் முகவரிக்கு அறிவிக்கவும்.'"

முகவரி லைலாவின் வீடு இல்லை.

அது கடற்கரைப் பக்கம், முபாறக்கின் உம்மா வீடு. கலியாணம் முடித்த நாளிலிருந்து முபாறக் இருந்தது இந்த வீட்டில். சீதனமாகக் கிடைத்த வீட்டில், மனைவியோடு. ஆனால் அவருடைய காக்காவுக்கு, தம்பியின் வீடு என்றால் உம்மாவின் வீடுதான். பிழையென்றே தோன்றியிருக்காது. அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். சஹ்லா இந்தத் துண்டைப் பல தரம் பார்த்திருந்தாள். உயரத்தைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள். இந்த வரியைப் பார்க்கவில்லை.

"மாமி அதுக்குப் பிறகு என்னோட கதைக்கல்ல," என்றார் லைலா. "உன்ட வீட்டுக்கு வந்துதான் என்ட மகன் துலைஞ்சான் எண்டு சொன்னா. பதினாலு வருசம், பெருநாளைக்குக்கூட வரல்ல. சுனாமியில அவவும் போய், காக்காவும் போய், வீடும் போயிட்டு." அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்டவன் ஆரும் இருந்தா அங்கதானே போயிரிப்பான் மகள். அங்கதானே சொல்லியிரிப்பான்."

யாரிடம் போய் விசாரிப்பது? ஒரு கடிதம் வந்ததா, ஒருவன் வந்து வாசலில் நின்றானா, உயிரோடு இருக்கிறார் என்றானா, மதகடியில் கிடக்கிறார் என்றானா? கேட்க வேண்டிய இரண்டு பேரும் கடலோடு போய்விட்டார்கள். சஹ்லா இதுவரை துப்புத் துலக்கியதிலேயே அதிகமாகத் துலக்கிய நாள் அது. மிஞ்சியது ஒன்றுமில்லை.

லைலா கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். பாத்திரத்துக்குப் பக்கத்தில் குந்தி, இறுகத் தொடங்கியிருந்த மாவில் கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்தார்.

"திருப்பிப் போடுங்க," என்றார்.

"என்னத்த மாமி?"

"அதையேதான். பேப்பர்ல. இந்த வீட்டு அட்ரஸப் போட்டு. மணிக்கூட்ட எடுத்திருங்க."

சிவரூபினிதான் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தாள். கிழவருடைய வீட்டில் அவள் தலைப்பு எழுதியிருந்த தாள். அதைப் புரட்டி, பின்பக்கத்தில் 'காணவில்லை' என்று எழுதினாள். பெயர் எழுதினாள். பேனா நின்றது.

"வயசு என்ன போடுற அன்ரி?" என்று கேட்டாள். "இருபத்தாறா, அறுபத்தொண்டா?"

லைலா மாவைக் குழைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த இடத்த உட்டுட்டு மற்றத எழுதுங்க மகள்."